தீயை நினைக்கிறோம், வீட்டை மறக்கிறோம்: பேட் கிஷ்ஷும் சிற்றூர் நிருபரின் இரட்டைப் பணியும்

1. கேள்வி

சிற்றூர் நிருபர் ஒருவர் மறைந்ததும் எழுதப்படும் அஞ்சலிக் குறிப்பில் இரண்டு செய்திகள் அருகருகே இடம்பெறும். இத்தனை ஆண்டுகள் செய்தி சேகரித்தார் என்பது ஒன்று. ஊருக்காக ஓடியாடி உழைத்தார் என்பது மற்றொன்று. இரண்டையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு நாம் கடந்துவிடுகிறோம். இதழியல் வகுப்பறையிலோ இவை இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஊர்ப் பணியில் கைவைத்தவர் ஊரைப் பற்றி ஒருபக்கம் சாயாமல் எழுத இயலாது என்பது அங்கு பாலபாடம். அஞ்சலிக் குறிப்பு தயங்காமல் புகழும் ஒன்றைப் பாடநூல் ஐயத்தோடு பார்க்கிறது.

இந்த முரணை ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கியில், லெச்சர் கவுண்டியின் தலைநகரான வைட்ஸ்பர்க்கில் வெளிவரும் வார இதழ் 'தி மவுண்டன் ஈகிள்'. அதைக் கணவர் டாம் கிஷ்ஷோடு அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தியவர் பேட் கிஷ். செய்தியாளராக எழுதிய அவரே, ஏழைகளுக்கு வீடு அமைத்துத்தரும் கிழக்குக் கென்டக்கி வீட்டுவசதி மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தினார். இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று கெடுத்தனவா, வளர்த்தனவா? இப்படி ஒருவரை நினைவுகூரும்போது எதை முன்னே வைக்கிறோம், எதை நழுவவிடுகிறோம்? இவையே நம் கேள்விகள்.

2. இதுவரையிலான புரிதல்

சிற்றூர்ப் பத்திரிகை குறித்த ஆய்வு மரபில் மூன்று நிலைப்பாடுகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, ஊரை ஒட்டவைக்கும் பசையாகப் பத்திரிகையைப் பார்ப்பது. சிகாகோ நகரின் பகுதி வார இதழ்களை ஆராய்ந்து 1952இல் மோரிஸ் ஜனோவிட்ஸ் வெளியிட்ட நூல் இதற்கு முன்னோடி. உள்ளூர் இதழ் சச்சரவைவிட இணக்கத்தை அழுத்திச் சொல்கிறது, அதன் வழியே வாசகருக்குத் தம் வட்டாரத்தோடு பிடிப்பை உண்டாக்குகிறது என்று அவர் கண்டார். இந்தப் பார்வையில் நிருபரின் ஊர்ப் பணி இயல்பானது. பத்திரிகையும் தொண்டும் ஒரே வேலையின் இரு கைகள்.

இரண்டாவது, அதே இணக்கத்தைக் குறையாகக் காண்பது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டிச்சினர், டோனஹியூ, ஒலியன் ஆகிய மூவரும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 1980இல் நூலாக்கினர். ஊர் சிறிதாகவும் அதிகாரம் சிலர் கையிலும் இருக்கும் இடங்களில் பத்திரிகை உள்ளூர் மோதலை எழுதத் தயங்கும் என்பது அவர்கள் முடிவு. விளம்பரம் தருபவர், பள்ளி வாரியத்தில் அமர்ந்திருப்பவர், தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எல்லாரும் ஒருவராகவே இருக்கும் ஊரில் எழுதுகோல் எப்படி நிமிரும்? இந்தப் பார்வையில் ஊர்ப் பணி என்பது நிருபரைக் கட்டிப்போடும் இன்னொரு கயிறு. அமெரிக்கத் தொழில்முறை இதழாளர் சங்கத்தின் நெறிமுறையும், நம்பகத்தன்மையைக் குலைக்கக்கூடிய வெளி ஈடுபாடுகளைத் தவிர்க்கச் சொல்கிறது.

மூன்றாவது, 1990களில் ஜே ரோசன், டேவிஸ் மெரிட் போன்றோர் முன்வைத்த 'பொது இதழியல்'. குடிமை வாழ்வு நன்றாக நடப்பதில் பத்திரிகைக்கும் பொறுப்பு உண்டு, ஒதுங்கி நின்று பார்ப்பது மட்டுமே நடுநிலை ஆகிவிடாது என்று அவர்கள் வாதிட்டனர். நகர நாளிதழ்கள் புதிய கொள்கையாகக் கண்டெடுத்த இதைச் சிற்றூர் இதழ்களில் பலர் பெயர் வைக்காமலேயே செய்துவந்தனர்.

இம்மூன்றும் ஊர்ப் பணியை ஒற்றைப் பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. யாருக்காக, யாரோடு சேர்ந்து செய்யும் பணி என்ற பிரிப்பு அவற்றில் போதிய அழுத்தம் பெறவில்லை. லெச்சர் கவுண்டியின் அனுபவம் அந்தப் பிரிப்பைச் செய்ய நம்மை வற்புறுத்துகிறது.

3. இடமும் காலமும்

அப்பலாச்சிய மலைத்தொடரின் நிலக்கரி வட்டாரத்தில் இருக்கிறது லெச்சர் கவுண்டி. மலை மடிப்புகளுக்கிடையே ஓடையை ஒட்டிய குறுகிய பள்ளத்தாக்குகளில் குடியிருப்புகள். சுரங்க நிறுவனங்களே வீடும் கடையும் கட்டி நடத்திய ஊர்கள் பல. டாம் கிஷ் அப்படியொரு நிலக்கரிக் குடியிருப்பான சீகோவைச் சேர்ந்தவர். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்ற பின் மாநிலத் தலைநகர் பிராங்க்ஃபர்ட்டில் யுனைடெட் பிரஸ் செய்தி முகமைக்குப் பணியாற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற பேட், 'லெக்சிங்டன் லீடர்' நாளிதழில் நிருபராக இருந்தார். 1907இல் தொடங்கப்பட்டிருந்த மவுண்டன் ஈகிளை இருவரும் 1956இன் இறுதியில் விலைக்கு வாங்கினர்.

அவர்கள் வந்த நேரம் ஊர் தேய்ந்துகொண்டிருந்த நேரம். சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்து ஆட்களின் தேவையைக் குறைத்தன. 1950இல் ஏறத்தாழ 39,500 பேர் வாழ்ந்த கவுண்டியில் 1960இல் சுமார் 30,000 பேரே எஞ்சினர். குடும்பம் குடும்பமாக ஒஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். போனவர்களுக்கும் ஊர்ச் சேதி வேண்டியிருந்தது. மலைக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் எழுதி அனுப்பிய ஊர்க் கடிதங்கள் ஈகிளின் பக்கங்களை நிரப்பின. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், தோட்டத்தில் என்ன விளைந்தது என்ற தகவல்கள் அவை. பெருநகர ஆசிரியர் துணுக்கு என்று தள்ளக்கூடிய இந்தக் கடிதங்கள்தாம், எந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் என்ன நிலைமை என்பதை இதழுக்குள் வாரந்தோறும் கொண்டுவந்து சேர்த்தன. பேட்டின் வீட்டுவசதிப் பணியைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி முக்கியம்.

4. கூட்ட அறையில் ஒரு நாற்காலி

கிஷ் தம்பதியர் செய்த முதல் மாற்றம் எளிமையானது. கவுண்டி நிர்வாக மன்றத்தின் கூட்டங்களுக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டங்களுக்கும் போய் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். மாநிலத் தலைநகரில் வழக்கமாகச் செய்த வேலைதான். வைட்ஸ்பர்க்கில் அது அத்துமீறலாகப் பார்க்கப்பட்டது. அதிகாரிகள் அவர்களை வெளியே நிறுத்த முயன்றார்கள். விளம்பரங்கள் விலக்கப்பட்டன. கென்டக்கியில் திறந்த கூட்டங்களுக்கான சட்டம் 1974இலும், பொது ஆவணங்களைப் பார்க்கும் உரிமைக்கான சட்டம் 1976இலும்தான் வந்தன. அதற்கு முன்பு, கூட்ட அறையில் நிருபருக்கு ஒரு நாற்காலி கிடைப்பதே வாராவாரம் போராடிப் பெறும் உரிமையாக இருந்தது.

இதழின் முகப்பில், கட்சி சாராத நட்பான வார இதழ் என்ற பழைய அறிமுகத்தின் இடத்தில் 'இது அலறும்!' என்ற முழக்கம் வந்தது. மலையின் மேல்மண்ணைப் பெயர்த்துச் சரிவில் தள்ளும் திறந்தவெளிச் சுரங்கம், அந்தக் கரியைப் பெருமளவில் வாங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுரங்கப் பாதுகாப்பு, பள்ளிகளின் நிலை ஆகியவற்றை ஈகிள் விடாமல் எழுதியது. 1976 மார்ச் 9, 11 ஆகிய இரு நாட்களில் இதே கவுண்டியின் ஸ்கோஷியா சுரங்கத்தில் நேர்ந்த இரு வெடிவிபத்துகளில் 26 பேர் இறந்தனர். மறுஆண்டில் வந்த கூட்டாட்சிச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னணியில் அந்தச் சாவுகள் உண்டு. நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியிலிருக்கும் கனிமம் நிறுவனத்துக்கும் சொந்தமாக்கிய பழைய பத்திரங்களைக் காட்டி, உரிமையாளர் சம்மதமின்றியே நிலத்தைத் தோண்டிய வழக்கம் 1988இல்தான் மாநில அரசியல் சட்டத் திருத்தத்தால் தடுக்கப்பட்டது. அந்த வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். இவற்றை ஒரு பத்திரிகையின் தனிச் சாதனை என்று சொல்வது மிகை. வழக்கறிஞர்கள், தொழிலாளர்கள், நிலத்தை இழந்த குடும்பங்கள் எனப் பலர் இழுத்த தேர் அது. ஆயினும் இப்பிரச்சினைகள் உள்ளூரில் பேசப்படாமல் புதைந்துபோகாதபடி பார்த்துக்கொண்டதில் ஈகிளுக்குத் தெளிவான பங்கு உண்டு.

மின்னசோட்டா ஆய்வாளர்களின் கருதுகோள் இங்கே பொய்த்துப்போகிறதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஊரில் அதிகாரம் குவிந்திருந்தால் அதை எதிர்த்து எழுதுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை கடுமையானது என்று அவர்கள் சொன்னதை விளம்பர விலக்கலும் மூடிய கதவும் உறுதிப்படுத்துகின்றன. அவர்கள் எதிர்பார்த்த மௌனம் மட்டும் நிகழவில்லை. அதற்குக் காரணங்கள் தேடலாம். இதழ் கிஷ் தம்பதியரின் சொந்தச் சொத்து. தொழிலை அவர்கள் ஊருக்கு வெளியே கற்றவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்பார்வைக்கு ஒருமித்ததாகத் தோன்றிய அந்த ஊர் உள்ளே ஒருமித்ததாக இல்லை. சுரங்க முதலாளியின் இணக்கம் ஊரின் இணக்கமாகக் கணக்கில் எடுக்கப்பட்டிருந்தது. ஊர்க் கடிதங்களை வாரந்தோறும் வாசித்த ஆசிரியருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

5. வெளியார் கண்ணும் உள்ளூர்க் கையும்

1963இல் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஹோமர் பிகார்ட் கிழக்குக் கென்டக்கிச் சுரங்கக் குடும்பங்களின் வறுமையை எழுதினார். அதே ஆண்டு வைட்ஸ்பர்க் வழக்கறிஞர் ஹாரி காடில், இவ்வட்டாரத்தின் வரலாற்றையும் சுரண்டலையும் விவரிக்கும் நூலை வெளியிட்டார். 1964இல் அதிபர் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். தொலைக்காட்சிக் குழுக்கள் வந்தன. 1968 பிப்ரவரியில் செனட்டர் ராபர்ட் கென்னடி லெச்சர் கவுண்டியின் ஃப்ளெமிங்-நியான் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மக்களின் சாட்சியங்களைக் கேட்டார்.

இந்தக் கவனம் பயன் தந்தது, புண்படுத்தவும் செய்தது. 1967இல் ஜெரமையா என்ற சிற்றூரில் படமெடுக்க வந்த கனடாத் திரைப்பட இயக்குநர் ஹியூ ஓ'கானரை வாடகை வீட்டு உரிமையாளர் ஒருவர் சுட்டுக்கொன்றார். வைட்ஸ்பர்க்கில் 1969இல் பிறந்த ஆப்பல்ஷாப் என்னும் ஊடகக் கலைக்கூடத்தின் எலிசபெத் பாரட் 2000ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படம், ஒரு மக்களின் வறுமையைப் படமாக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை இந்தக் கொலையிலிருந்து எழுப்புகிறது.

வெளியூர் நிருபர் வறுமையைப் படம்பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சிற்றூர் நிருபர் எழுதிய வீட்டுக்காரரை மறுநாள் கடைத்தெருவில் முகம்பார்த்தாக வேண்டும். இற்றுப்போன கூரையைப் பற்றி எழுதியாயிற்று, அப்புறம்? இந்த 'அப்புறம்' என்ற கேள்விக்குப் பேட் கிஷ் தந்த விடைதான் வீட்டுவசதி நிறுவனம் என்று நான் வாசிக்கிறேன். குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குத் தகுந்த வீடு என்ற நோக்கத்தோடு அதை அவர் நிறுவினார், பல ஆண்டுகள் நடத்தினார். பள்ளத்தாக்குகளில் சமதளமான மனை கிடைப்பதே அரிது. நிலத்தின் உரிமை பழைய பத்திரங்களில் சிக்கிக் கிடந்தது. ஓடைக்கரை மனைகளில் வெள்ள அபாயம். இத்தகைய நிலத்தில் ஒரு வீட்டை எழுப்புவதென்றால் பத்திர அலுவலகம், வங்கி, கவுண்டி நிர்வாகம் என ஒவ்வொரு படியும் ஏறியாக வேண்டும். ஒரு நல்ல நிருபருக்கு மனப்பாடமான படிகள் அவை. பத்திரிகை அவருக்குத் தந்த அறிவைத் தொண்டு பயன்படுத்தியது. தொண்டு திறந்துவிட்ட கதவுகள் வழியே ஊரின் நிலைமை பத்திரிகைக்குத் தெரியவந்தது.

6. மறுப்புகளை எடைபோடுதல்

இங்கே நெறிமுறை வாதத்தை அதன் முழு வலுவோடு எதிர்கொள்ள வேண்டும். வீட்டுவசதிப் பணியை நடத்துபவர் பொது நிதியையும் அலுவலக ஒப்புதலையும் நாட நேரும். அந்த அலுவலகத்தைப் பற்றியே இதழில் எழுதவும் நேரும். தன் நிறுவனத்துக்கு உதவியவரைத் தட்டிக்கேட்க எழுத்து தயங்காதா? உதவ மறுத்தவர் மீது காழ்ப்பு கசியாதா? நேர்மையான மனிதருக்கும் இந்த ஆபத்து உண்டு. 'நல்லவர், செய்யமாட்டார்' என்ற நம்பிக்கை அதற்கு விடையாகாது.

விடையை வேறிடத்தில் தேட வேண்டும். வணிகர் சங்கத்தில் பதவி வகிக்கும் ஆசிரியர், ஊர் வளர்ச்சிக் குழுவில் ஆலை அதிபரோடு அமரும் ஆசிரியர் ஆகியோரின் ஈடுபாடும் ஊர்ப் பணி என்றே பெயர் பெறுகிறது. ஆனால் அந்த ஈடுபாடு அதிகாரம் உள்ளவரோடு உறவை இறுக்குகிறது. எழுதாமல் விடுவதற்கான காரணங்களை அது பெருக்குகிறது. பேட் கிஷ்ஷின் பணி எழுத்துக்குள் குரல் எட்டாதவர்களை நோக்கிச் சென்றது. அவர்களால் அவருக்கு விளம்பரமும் தர இயலாது, பதவியும் தர இயலாது. ஆகவே ஒரு நிருபரின் ஊர்ப் பணியை மதிப்பிட மூன்று கேள்விகளை முன்வைக்கலாம். அந்தப் பணியின் கடப்பாடு எந்தத் திசையில் சாய்கிறது? அது வாசகருக்குத் தெரிந்த வெளிப்படையான பணியா? அதில் இறங்கிய பின்பும் அதிகார இடங்களைப் பற்றிய செய்தி இதழில் குறையாமல் வருகிறதா?

இரண்டாயிரம் பேர்கூட இல்லாத நகரத்தில் இரண்டாம் கேள்விக்கு விடை எளிது. ஊருக்கே தெரியும். மூன்றாவதற்கு 1974இன் நிகழ்வு ஒரு சான்று. அது விரும்பத்தகாத சான்று.

7. தீ

1974 ஆகஸ்ட் 1 அன்று ஈகிள் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஊர் இளைஞர்களை நகரக் காவல்துறை நடத்தும் விதம் குறித்து இதழ் எழுதிவந்த காலம் அது. தீ வைக்க ஏற்பாடு செய்ததாக நகரக் காவலர் ஒருவர் பின்னர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நிலக்கரித் தொழிலின் கையும் இதில் உண்டென்ற ஐயம் நெடுநாள் நிலவியது. அது நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை, ஐயம் என்ற அளவிலேயே அதைக் குறிப்பது முறை. தம்பதியர் ஓர் இதழைக்கூடத் தவறவிடாமல் அடுத்த இதழைக் கொண்டுவந்தனர். அதன் முகப்பில், 'இது இன்னும் அலறும்!' என்று முழக்கம் ஒரு சொல் நீண்டிருந்தது.

ஒரு சொல்லில் இத்தனை துணிவை வைக்க முடியும் என்பது எவரையும் நெகிழவைக்கும். என்னையும் நெகிழவைத்தது. நினைவின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஈகிளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்தத் தீயிலிருந்தே தொடங்குகின்றன. தீ ஒரு கதை. அதற்குத் தேதி உண்டு, வில்லன் உண்டு, மீண்டெழுதல் உண்டு. ஏறத்தாழ 50 ஆண்டுகள், வாரத்துக்கு ஒன்று எனக் கொண்டால் 2,500க்கும் அதிகமான இதழ்களைத் தயாரித்ததில் அப்படிக் கதை இல்லை. பள்ளி வாரியக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் கதை இல்லை. வீட்டுப் பத்திரத்துக்காக அலுவலகப் படியேறியதில் கதை இல்லை. டாம், முழக்கம், தீ ஆகியவை நினைவின் முன்வரிசையில் அமர, பேட்டின் வீட்டுப் பணி பின்வரிசைக்குப் போய்விடுகிறது. பெண்களின் உழைப்பு 'உதவி' என்ற பெயரில் வரலாற்றில் சுருங்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியும் இதில் உண்டு. ஊர்க் கடிதங்களை எழுதிய பெண்களோ இன்னும் பின்னே.

8. நினைவின் வடிவம்

டாம் 2008இல் இறந்தார், பேட் 2014இல். அவர்கள் உயிரோடிருந்தபோதே, 2005இல், கென்டக்கி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஊரக இதழியல் நிறுவனம் இருவர் பெயராலும் ஒரு விருதை ஏற்படுத்தியது. துணிவு, நேர்மை, விடாமுயற்சி ஆகிய மூன்றையும் அது போற்றுகிறது. விடாமுயற்சி என்ற மூன்றாவது சொல்லைத் தேர்ந்தவர்கள் அறிந்தே தேர்ந்திருக்க வேண்டும். துணிவு ஒரு நாளில் வெளிப்பட்டுவிடும். விடாமுயற்சியைப் பழைய இதழ்களின் தொகுதிகளைப் புரட்டித்தான் காண முடியும்.

அந்தத் தொகுதிகளே நிலையற்றவை. 2022 ஜூலையில் கிழக்குக் கென்டக்கியைத் தாக்கிய வெள்ளத்தில் வைட்ஸ்பர்க் மூழ்கியது. ஆப்பல்ஷாப் அரை நூற்றாண்டாகச் சேர்த்த ஒலி, ஒளி ஆவணங்கள் சேற்றில் சிக்கின. சிற்றூரின் நினைவு சில அலமாரிகளில் அடங்குவது. அந்த அலமாரிகள் பெரும்பாலும் ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன.

அமெரிக்காவில் 2005க்கும் 2023க்கும் இடையே ஏறத்தாழ 2,900 செய்தித்தாள்கள் மூடப்பட்டன. மிகப் பெரும்பாலானவை வார இதழ்கள். ஓர் இதழ் மூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்டக்கியிலேயே ஒரு சான்று உண்டு. வடக்குக் கென்டக்கிப் புறநகர்களின் செய்திகளை வெளியிட்டுவந்த 'சின்சினாட்டி போஸ்ட்' 2007 முடிவில் நின்றது. அதை ஆராய்ந்த ஷுல்ஹோபர்-வோல், கரிடோ ஆகியோர், அதன்பின் உள்ளூர்ப் பதவிகளுக்குப் போட்டியிடுவோரும் வாக்களிப்போரும் குறைந்ததாகவும், பதவியில் இருப்பவரே மீண்டும் வெல்லும் வாய்ப்பு கூடியதாகவும் கண்டனர். எவரும் தீ வைக்கவில்லை. கூட்ட அறையில் ஒரு நாற்காலி காலியானது, அவ்வளவே.

9. முடிவுரை

கிஷ் தம்பதியரின் வாழ்வை எல்லாச் சிற்றூர் நிருபர்களுக்கும் பொதுவிதியாக்க முடியாது. விளம்பர விலக்கலைத் தாங்கி நின்றவர்கள் சிலரே. நிற்க முடியாமல் மௌனமானவர்களைக் கோழைகள் என்பதும் அநீதி. ஆனால் இந்த ஒரு வாழ்விலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஊர்ப் பணி நிருபரைக் கெடுக்கிறதா என்ற கேள்வி அரைகுறையானது. எவர் பக்கம் கடன்படுத்தும் பணி என்று கேட்டால்தான் அது முழுமை பெறும். பேட் கிஷ்ஷிடம் அந்தப் பணி எழுத்தின் வேராக இருந்தது. இது முதல் முடிவு.

இரண்டாவது, அஞ்சலி எழுதும் நம்மைப் பற்றியது. மறைந்த நிருபரின் ஒரு பெரிய நாளைத் தேடி எடுத்து அதை மட்டும் விளக்கேற்றி வைப்பது எளிது. அது பொய்யும் அன்று. என்றாலும், அப்படிச் செய்யும்போது துணிவு என்பது தீ விழுந்த பிறகு பிறப்பது என்ற எண்ணம் வாசகருக்கு உண்டாகிவிடுகிறது. தீ வைத்தவர்களுக்கு அந்த மயக்கம் இல்லை. முந்தைய 17 ஆண்டுகள் வாரந்தோறும் கூட்ட அறையில் உட்கார்ந்து எழுதியவர்களைத்தான் அவர்கள் அஞ்சினார்கள். அந்தச் சாதாரண வாரங்களில் ஒன்றை எடுத்து, அந்த வாரத்தில் அவர் எந்தக் கூட்டத்தில் இருந்தார், எந்த வீட்டுத் திண்ணையில் நின்று பேசினார், எதை எழுதினார் என்று சொல்லும் அஞ்சலியே ஒரு சிற்றூர் நிருபருக்கு நாம் பட்டிருக்கும் கடனை அடைக்கத் தொடங்கும்.